மூன்று, மூன்று, நான்கு

பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். மடிக்கணினி முன்னால் இருந்த சர்மிளா நிமிர்ந்தாள். மேட்டில் மண் வெடித்ததும், சரிந்துவிடுமோ என்று பயந்து பொன்னையா குடும்பம் அதைக் காலி செய்துவிட்டுப் போய் நாளாகிறது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மத்தியானத்திலேயே இறங்கிய பனி அக்கரப்பத்தனையை மூடி, நனைந்த தகரத்தின் வாடையையும் பழைய அடுப்புக்கரியின் வாடையையும் சுமந்துகொண்டு கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

எலியாக இருக்கும்.

ஹட்டனில் ஒரு கடைக்கு வந்த குறுஞ்செய்திகளிலிருந்து தொலைபேசி எண்களைப் பிரித்தெடுக்க அவள் ரெஜெக்ஸ் என்னும் தேடல் வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று இலக்கம், ஒரு குறி, மூன்று இலக்கம், ஒரு குறி, நான்கு இலக்கம். ஓரிடத்தில் கோடும் மற்ற இடத்தில் புள்ளியுமாக இருந்த குப்பையும் சேர்ந்து வந்தது. கூட வேலை செய்யும் தனுஷிகாவிடம் போனில் கேட்டாள்.

"மொதக் குறிய அடைப்புக்குள்ள போடு. ரெண்டாவது எடத்துல பேக்ஸ்லாஷ் போட்டு, பக்கத்துல ஒன்னுன்னு நம்பர் போடு. அப்ப மொதல்ல வந்த அதே குறி திரும்ப வந்தாத்தான் எடுக்கும்," என்றாள் தனுஷிகா. "தானா விழுறது மாறி மாறி விழும். ஒரே மாதிரி வந்தா யாரோ நெனச்சுப் போட்டதுடி."

மறுபடியும் தட்டல். இம்முறை அவளையறியாமல் எண்ணினாள். மூன்று தட்டு. நகத்தால் கீறுவதுபோல் ஓர் இழுவை. மூன்று தட்டு. அதே இழுவை. நான்கு.

எலி எண்ணாது.

"யாருடி செவுத்தத் தட்டுறது?" என்றாள் தனுஷிகா. லைன் அறுந்தது.

வெளியே ஓடலாம். ஆனால் அந்தக் காம்பராவின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். பூட்டு இப்போது திறந்திருந்தால்? இல்லை, ஏதோ பிள்ளைதான் உள்ளே மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரலால் சுவரைத் தட்டினாள். மூன்று. நகத்தால் கீறினாள். மூன்று. பிள்ளையென்றால் மாற்றத்தைக் கவனிக்காது என்று, இரண்டாவது இடத்தில் வேண்டுமென்றே உள்ளங்கையால் அறைந்தாள். நான்கு.

சத்தமில்லை.

பிறகு ஓர் இழுவை. அது மட்டும். அவள் மாற்றிவிட்ட அந்த ஒன்று.

மெதுவாக. நீளமாக.

இந்தப் பக்கத்தில்.

அவள் கையருகே சுண்ணாம்பு உதிர்ந்தது. யாருமில்லை. சுவரில் ஈரமான கோடு ஒன்று கீறிக்கொண்டே இறங்கியது. சுவர் முடிந்தும் நிற்கவில்லை. சிமெந்துத் தரையில், அவளுடைய வெறுங்காலை நோக்கி.