இறங்காத மதியச் சோறு

காலை 7.10. சாவி வாங்க வந்த வேலையாள் கதவைத் தள்ளினான், திறந்துகொண்டது. லேத் பட்டறை முதலாளி கட்டிலில் பிணமாகக் கிடந்தார். முகத்தின் மேல் தலையணை. பக்கத்தில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

பிரேதப் பரிசோதனை டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். முந்தின நாள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சோறு வயிற்றில் அப்படியே இருக்கிறது. புற்றுக்காகப் பாதி இரைப்பையை வெட்டி எடுத்த ஆளுக்குச் சோறு சீக்கிரமே இறங்கும். ஆகவே ஒன்றரைக்குள் கொலை. அப்போது வீட்டில் இருந்தவள் மருமகள் மட்டும். இரண்டு மணி பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனவளைக் கைக்குழந்தையோடு ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவளைக் கோர்ட்டுக்குக் கிளப்ப வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் பட்டப்பெயர் குடைச்சல். பதில் கிடைத்த கேள்வியையும் விடமாட்டார்.

11.05. மாமா ராத்திரிச் சாப்பாட்டைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது, மதியச் சோறே பொழுது சாயும்வரை நெஞ்சில் நிற்கிறது என்பார் என்று மருமகள் அழுதாள்.

11.20. முதலாளியின் தம்பி. மாலை ஐந்துக்கு வந்து கதவைத் தட்டினாராம். பதில் இல்லாமல் திரும்பிவிட்டாராம்.

"அண்ணனுக்குச் சோறு செரிக்குமா?"

"சாப்பிட்ட கையோட இறங்கிடும்மா. டாக்டர் சொன்னது சரிதான்."

"மாத்திரை வாங்கித் தந்தது?"

"நான்தான். மாசாமாசம்." பெருமையாகவே சொன்னார்.

11.35. ஆபரேஷன் செய்த டாக்டருக்குக் குடைச்சல் போன் போட்டார். வெட்டினதைக் கேட்கவில்லை, இணைத்ததைக் கேட்டார்.

11.50. பிரேதப் பரிசோதனை டாக்டரையும் சேர்த்து எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டாக்டர், எவ்வளவு வெட்டினாங்கன்னு பாத்தீங்க, எப்படி இணைச்சாங்கன்னு யோசிக்கலை. குடலை நடுவுல வெட்டி, மேல தூக்கி, மிச்ச இரைப்பையோட தைச்சிருக்காங்க. அப்படி வெட்டுப்பட்ட குடல் சில பேருக்குத் தலைகீழா அசையுமாம். சோத்தைக் கீழ தள்ளாம மேல தள்ளும். இவருக்கு அப்படித்தான். மதியச் சோறு சாயங்காலம் வரைக்கும் கிடக்கும்."

தையலைப் பார்த்தும் கோட்டை விட்டேனே என்று டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

குடைச்சல் மாத்திரை அட்டையைத் தம்பியின் முன்னால் வைத்தார்.

"இது சோறு இறங்கறதுக்குத் தர்ற மாத்திரை. கையோட இறங்கற சோத்துக்கு இது எதுக்குங்க? மாசாமாசம் வாங்கின உங்களுக்குத் தெரியாதா?"

தம்பி அட்டையைப் பின்னுக்குத் தள்ளினார். பழி மதியத்தோடு நிற்கட்டும் என்று சொன்ன பொய், அவர் கழுத்துக்கே வந்துவிட்டது.

"பட்டறையை என் பேருக்கு எழுதுன்னேன். மாட்டேன்னுட்டான். அப்ப மணி அஞ்சரை," என்றார் தரையைப் பார்த்து.

12.00. கோர்ட் ஜீப் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஏறின ஆள்தான் வேறு. மருமகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஸ்டேஷன் முன்வாசல் வழியே நிமிர்ந்து வெளியே நடந்தாள்.