நாலு விரல் நெற்றி

ஒட்டுப்பொட்டின் மேல்பாதி முடியில் ஒட்டியிருந்தது. நிருஷா அதைப் பிய்த்து, வழக்கமான இடத்தில், புருவங்களுக்குச் சற்று மேலே மறுபடி ஒட்டினாள். மறுபடியும் முடி.

நேற்று அந்த இடம் வெறும் தோல்.

நிருஷாவின் நெற்றியைப் பற்றிக் கதைக்காத வீடு ஹந்தானை வீதியில் இல்லை. நாலு விரல் அகலம். பேராதனை பஸ்ஸையே அதில் வைத்துத் திருப்பலாம் என்று சிரித்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கிருஷாந்தின் தாய், தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளை வடிவுதான், நெத்திதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். அடுத்த கிழமையே நிருஷாவின் அம்மா கமலாசனி மகளை டொக்டர் பாயிஸிடம் இழுத்துக்கொண்டு போனாள். மேல்நெற்றியில் ஒரு கீற்றுத் தோலை வெட்டியெடுத்து, தலைத்தோலை முன்னால் இழுத்துத் தைத்தார்கள். முடி இரண்டு விரல் இறங்கியது. அதோடு நின்றிருக்க வேண்டும்.

பொட்டு முடியில் ஒட்டிய நாளிலிருந்து தினமும் காலையில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அதே இடத்தில் நின்று, முடி தொட்ட மட்டத்தில் கண்ணாடியில் ஒரு பொட்டு ஒட்டினாள். ஒரு கிழமையில் ஏழு பொட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக. மலையிலிருந்து இறங்கிய மழை கூரைத் தகரத்தில் ஓயாமல் கொட்ட, மருந்தும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடைக்குள், தன் மண்டையின் மேல் ஈரப் பட்டுத்துணியை யாரோ மெல்ல மெல்ல இழுப்பதுபோன்ற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி காட்டப் போனபோது டொக்டர் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "ஒண்டுமில்ல தங்கச்சி, வீக்கம் வடியுது. நல்லா வந்திருக்கு."

"அம்மா, என்ர புருவம் எங்க? வடிவாப் பாருங்கோ."

கமலாசனி பார்த்தாள். கண் கலங்கியது, சந்தோசத்தில். "இப்பதான்டி உன்ர முகத்துக்கு ஒரு களை வந்திருக்கு. முன்வீட்டுக் கலாராணியே வாயைப் பிளந்திட்டாள்."

"கலியாணத்தை நிப்பாட்டுங்கோ அம்மா."

"விசரே உனக்கு? மண்டபத்துக்கும் சொல்லியாச்சு."

நிருஷா சவரக்கத்தியால் வழித்தாள். முகம் துடைத்து நிமிர்வதற்குள், வழித்த இடத்தில் முடி. இன்னும் ஒரு நூல் கீழே.

முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. ஹந்தானை வீதி முழுக்க வந்திருந்தது; நெற்றியைப் பார்க்கத்தான். மல்லிகை வாசம். மேளம். நிருஷாவுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, முடி இடுக்கால். பிறகு அதுவும் இல்லை.

"என்ன வடிவு!" யாரோ.

"பொறுங்கோ, வகிடு கோணல்." அம்மாவின் குரல்.

சீப்பு உச்சியில் தொட்டது. இறங்கியது. நெற்றி இருந்த இடம். மூடிய இமைகள். மூக்கு. அம்மா என்று கத்த வாய் திறந்தாள். முடி உள்ளே போனது. சீப்பு நிற்கவில்லை. நிதானமாக, பிரியமாக, நாடிவரை.

"இப்ப நேர். குங்குமத்தை வையுங்கோ தம்பி."

"இங்க பாருங்க அக்கா," என்றான் படக்காரன். "கொஞ்சம் சிரிங்க."

கிருஷாந்தின் விரல் வகிட்டில் பட்டது. அதன் வழியே கீழே வந்தது. கீழே. இன்னும் கீழே. வாய் இருந்த இடத்தில் நின்று, அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தது.