படத்தில் எத்தனை பேர்

"டைமர் வச்சு எடுத்திருப்பாரும்மா."

"டைமர் வச்சா போன் எப்புடி அவருக்குப் பின்னால, அந்த மேட்டுல ஏறி நிக்கும்? றெக்கையா மொளச்சிருக்கு?"

"கல்லுல சாய்ச்சு வச்சிருப்பாரு."

"கல்லா? சரி. அந்தக் கல்லுக்கு என்ன வயசு, என்ன கலர் சாரி கட்டியிருந்துச்சுன்னு உங்கப்பாகிட்டக் கேட்டுச் சொல்லு."

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி கத்தரீனாவும் மகள் அஞ்சலாவும். சண்டை என்னைப் பற்றித்தான் என்று புரிந்தது. என்ன செய்தேன் என்றுதான் புரியவில்லை.

இந்தப் புகைப்படக் குழுவில் என் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். லீவு கிடைத்தால் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கண்டி வாவி, ஹந்தானை, மழை விட்ட ரோடு, கொக்கு. பெரிய கமெரா எல்லாம் கிடையாது. என் படங்களில் மனிதர்கள் இருப்பதில்லை. நானும் இருப்பதில்லை. எடுக்கிறவன் எப்படிப் படத்தில் இருக்க முடியும்?

கத்தரீனா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் கெட்டம்பே ஆற்றங்கரையில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய படம். ஆறு, மூங்கில், ஒரு நீர்க்காகம்.

இதில் என்ன என்று கேட்டேன்.

"நீங்கதான்," என்றாள்.

அஞ்சலா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இந்தா நிக்கிறீங்கப்பா, முதுகு காட்டிக்கிட்டு. கட்டம் போட்ட ஷேர்ட். குடைய கக்கத்துல வச்சிருக்கீங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் எனக்கு மூங்கில்தான் தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்தது கட்டம் போட்ட ஷேர்ட்தான். குடை கக்கத்தில்தான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஹுன்னஸ்கிரிய ஞாபகம் வந்தது.

பௌர்ணமி போயா லீவுக்கு மஹியங்கனை பஸ்ஸில் தனியாகப் போயிருந்தேன். ஹுன்னஸ்கிரியவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் இறங்கினேன். பகல்தான், ஆனால் பனி கீழே இறங்கி, ரோட்டின் அந்தப் பக்கம்கூடத் தெரியவில்லை. தேயிலையில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பனிக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போர்த்தியபடி ஒருவர் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. நனைந்த சாக்கு வாசம் அடித்தது.

வாழ்க்கையில் ஒரு படத்திலாவது நாமும் இருப்போமே என்று தோன்றியது. போனை அவர் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துத் தாங்க என்று கேட்டேன்.

அவர் வாங்கினார். எடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது போன் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

படத்தில் நான் இல்லை. மலை மட்டும்தான். பாவம், பழக்கமில்லாத மனிதர் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைக்குக் கத்தரீனா, நல்லாத்தானே நிக்கிறீங்க என்று பதில் போட்டிருந்தாள். கேலி செய்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அது கேலி இல்லை.

திகனயில் போன் கடை வைத்திருக்கும் ஹபீல் நானாவிடம் போனேன். அவரும் படம் எடுக்கிறவர். அந்த வளைவுக்குப் பிறகு நான் எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு கடைப் பையனை டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

"அன்ட்ரூ, எல்லாத்திலயும் நீங்க ஈக்கிறீங்க. முந்தி எடுத்ததில தூரத்தில. பொறகு எடுத்ததில கிட்ட." குரலைத் தாழ்த்தினார். "எடுக்கிற ஆள் நடந்து வாறான்."

அன்றோடு படம் எடுப்பதை நிறுத்தினேன். அதுவும் பிழையாகிவிட்டது. பிடிபட்டதும் நிறுத்திவிட்டேன் என்று கத்தரீனா நினைத்தாள். இத்தனை வருசம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுசி, என் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். நடந்ததைச் சொன்னேன். பேய் மேல் பழி போடுகிற முதல் புருசன் நீங்கள்தான் என்றாள். கடைசியில் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கூட்டிப் போயிருக்கக் கூடாது.

அதே வளைவு. வெயில் அடித்தது. யாரும் இல்லை. நான் தேயிலைச் செடிகளுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது, கத்தரீனா என் பையிலிருந்து போனை எடுத்து மலையைப் பார்த்துப் பிடித்தாள். வேண்டாம் என்று நான் ஓடி வருவதற்குள் எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வெறும் ரோடுதான். என் கண்ணால் பார்த்தேன்.

"இந்தாங்க. மல மட்டும்தான் விழுந்திருக்கு. ஒங்க போன்லதான் ஏதோ கோளாறு. நான்தான் வீணா..." என்று என் தோளில் சாய்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நான் படத்தைப் பார்த்தேன்.

மலை இருந்தது.

மலைக்கு முன்னால் கத்தரீனாவின் முதுகு இருந்தது.

கொண்டையில் குத்திய கிளிப், சங்கிலியின் கொக்கி, எல்லாம் தெளிவாக. எடுத்தவர் கை நீட்டினால் தொடலாம்.

படத்தில் இருக்கிறவருக்கு மட்டும் அது தெரியாது. அதை அந்த நிமிடம்தான் புரிந்துகொண்டேன்.

இப்போது அவளுக்குப் படம் எடுப்பதில் ஆசை வந்துவிட்டது. காலையில் பூ, மாலையில் வானம். வீட்டுப் போன்களை ஒளித்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் போனில் எடுத்தாள். அதிலும் அவள் முதுகு. சொன்னால், "நேத்து நான் சந்தேகப்பட்டேன், இன்னிக்கு ஒங்க முறையா?" என்று சிரிக்கிறாள். அஞ்சலா அழுது சொன்னாள். அப்பாவும் மகளும் சேர்ந்து விளையாடுகிறீர்களா என்று கோபித்தாள். தெரியாததை அவளுக்கு எப்படிக் காட்டுவது? ஃபாதரைக் கூட்டி வந்து வீட்டை மந்திரிக்கச் செய்தோம். அன்று மாலை எடுத்த படத்தில் அவள் பின்கழுத்து மட்டும்தான் இருந்தது, அவ்வளவு கிட்ட.

என்மேல் திரும்பி வரட்டும் என்று நானே போய் ஊரெல்லாம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் அஞ்சலாவிடம் காட்டிக் கேட்டேன். எல்லாம் வெறும் மலை, வெறும் ஆறு. நான் வேண்டாமாம்.

முந்தாநாள் படத்தில் கத்தரீனாவின் காதோரம் மங்கலாக ஏதோ நீண்டிருந்தது. சாக்கு நூல் என்றேன். அஞ்சலா மெதுவாக, "நகம் இருக்குப்பா," என்றாள்.

இன்று காலை எங்கள் முற்றத்து ஜம்பு மரம் பூ கொட்டி, தரை முழுக்க ரோஸ் நிறம். கத்தரீனா வாசலில் நின்று எடுத்தாள். தடுக்க முடியவில்லை. அதனால் நானும் மகளும் அவளை ஒட்டி இரண்டு பக்கமும் நின்றோம். எங்களைத் தாண்டி எதுவும் வராது என்று ஒரு நம்பிக்கை.

மூன்று பேரும் சேர்ந்து படத்தைப் பார்த்தோம்.

மரமும் பூவும் மட்டும்தான்.

"போயிருச்சுப்பா," என்று அஞ்சலா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் மூச்சு வந்தது. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தக் குனிந்தேன்.

அப்போதுதான் வாசம் வந்தது. நனைந்த சாக்கு வாசம். வெளியே சொட்டு மழை இல்லை. வாசம் வீட்டுக்கு உள்ளேயிருந்து வந்தது.

படத்தில் இருக்கிறவருக்குத்தானே தெரியாது? மூன்று பேருக்கும் மரம் மட்டும்தான் தெரிந்தது.

ஹபீல் நானாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை. போனையும் எடுக்கிறார் இல்லை. எங்கள் மூவருக்கும் வெளியே இருந்து பார்க்க எனக்கு இனி உங்களை விட்டால் யாருமில்லை.

அந்தப் படத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன். லைக் வேண்டாம், அழகு என்று எழுத வேண்டாம். ஜம்பு மரத்துக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறோம், எங்கள் மேல் ஏதாவது கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். பயப்படுவேன் என்று மறைக்காதீர்கள்.

உங்களுக்கும் மரம் மட்டும்தான் தெரிகிறது என்றால், தயவுசெய்து அதையும் உடனே எழுதுங்கள்.