கல்யாணுக்குப் போன மச்சான்

வெள்ளம் வடிந்து மூன்று நாளாகியும் இரும்பு ஏணியின் மேலிரண்டு படிகள் மட்டும் காயவில்லை. வேல்ராஜ் துடைப்பான், திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி நனைந்திருக்கும்.

தாராவியில் அந்தச் சந்து முழுக்க ஒரே மாதிரி வீடுகள்தான். கீழே தோல் பட்டறை, ஏணியில் ஏறினால் மாளா என்கிற படுக்கும் பரண். மேலே பெண்கள் உடை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதால் கீழிருந்து மாளாத் தரையிலுள்ள பலகைக் கதவைத் தட்டி, குரல் வந்த பிறகே ஏறுவது வழக்கம். வெள்ளத்தன்று பட்டறைக்குள் தண்ணீர் ஏறியபோதும் அக்கா புருஷன் செல்லப்பாண்டி மரியாதையாகத் தட்டத்தான் செய்தார். வேல்ராஜ் குரல் கொடுக்கவில்லை. கதவின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். இருவருக்கும் பொதுவில் இருந்த பட்டறை, மாற்று இடம் கொடுக்க அரசாங்கம் எடுக்கும் சர்வேயில் தன் ஒருவன் பெயரில் ஏறட்டும் என்ற பாழாய்ப்போன ஆசை. தட்டல் பிறாண்டலாகி, அப்புறம் அதுவும் நின்றது. தண்ணீரோடு தண்ணீராக உடலைப் பெரிய சாக்கடையில் தள்ளிவிட்டு, மச்சான் உன்னைப் பார்க்கத்தான் கிளம்பினார் என்று கல்யாண் ஊரிலிருந்த அக்காவுக்கு போன் போட்டான். ஆள் வந்து சேராததால் அவள் போலீசுக்குப் போய்விட்டாள். நாளைக் காலை வருகிறார்கள்.

அதற்குள் கதவின் அடியிலிருந்த கீறல்களை அழிக்க வேண்டும். பட்டப்பகலில் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, ஏணியில் நின்று உப்புத்தாளால் தேய்த்தான். ஊறிய தோலின் நாற்றம், பிளீச்சிங் பவுடரின் நெடி, இரண்டுக்கும் நடுவே யாரோ மூக்கில் நீரேறி மூச்சு விடுகிற சத்தம். இறங்கி ஓடி ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை. சேறு இறுகியிருக்கும் என்று நினைத்துப் படபடவென்று தட்டினான்.

"யாரு உள்ள?" எதிர்வீட்டு ஆறுமுகத்தாய்.

"நாந்தான் மதினி, வேல்ராசு. ஷட்டர் மாட்டிக்கிட்டு. ஆளக் கூப்பிடுங்க."

"ஆளு எதுக்கு? ஒங்க மச்சானும் உள்ளதான பேசுதாக."

அவன் திரும்பி ஏணியைப் பார்த்தான்.

"என்ன பேசுதாக?"

"நாங்களே பாத்துக்கிடுதோம், நீங்க போங்கன்னு சொல்லுதாக. நல்லவேளை, மனுசன் வந்து சேந்தாகளே. ஒங்க அக்கா சோறு தண்ணி இல்லாம கெடக்கா. போலீசு வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிருதேன்."

"மதினி. போவாதீக."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பயத்தில் அழுகை வந்தது. குனிந்தான். ஷட்டரின் அடிக்கம்பியைப் பிடித்தான். இழுத்தான்.

சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. ஷட்டர் ஓடும் தடமெல்லாம் சுத்தம்.

அடியில் வெளிச்சக் கீற்று. அதில் அவன் கைகள்.

அவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு. ஊறி, வெளுத்து, உப்பியவை. கம்பியைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தன.