பரவாயில்லை என்ற சொல்லின் எடை

ஆளவந்தாரின் இருபத்தோராண்டு ஆட்சியை எடை போடும் வேலை கடைசியில் ஒரே ஒரு சொல்லில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

நிறைகோல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. பதவி விலகி இருபது ஆண்டு ஆன எந்தத் தலைவரையும் அந்த இயந்திரம் எடை போட்டாக வேண்டும் என்பது சட்டம். மக்கள் தம் வாயால் சொன்ன வாக்குமூலங்களைக் கேட்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் ஐந்து வரை ஓர் எண் கொடுக்கும். எல்லாவற்றையும் கூட்டித் தீர்ப்புச் சொல்லும்; தோற்றவர் போட்ட தடைகள் நீங்கும். புள்ளிவிவரத்தை எந்த அரசும் தன் இஷ்டத்துக்கு வளைத்துவிடும், வாழ்ந்தவர்களின் நாக்கை வளைக்க முடியாது என்று நம்பிக் கட்டிய இயந்திரம்.

ஆளவந்தார் பெயருக்கேற்பவே ஆண்டார். கடல் ஏறி முத்துக்கரை மூழ்கத் தொடங்கியபோது ஒன்பது லட்சம் பேரை ஒரே கோடையில் கல்மேட்டுக்கு ஏற்றினார். வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார். எந்தச் சாதிக்காரருக்குப் பக்கத்தில் எந்தச் சாதிக்காரர் குடியிருப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்தது. ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டவர்கள் பிறகு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். மேட்டில் தொழிற்சாலைகள் வந்தன, கூலி மூன்று மடங்கானது. ஆனால் கரையைச் சுற்றி வேலி போட்டார். மிதவை வீடுகள் கட்டும் வழி தெரிந்த பிறகும் வேலியை எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களும் எடுக்கத் துணியவில்லை. கடலுக்குப் போனவர்கள் குழாய் பொருத்தப் பழகினார்கள்.

புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் ஏறக்குறைய சரிசமம். மிச்சம் பதினொரு லட்சம் இடங்களில் ஒரே சொல்: பரவாயில்லை. நிறைகோல் திணறிப்போய் அதைச் சொல்லெடையாளர் தெய்வானையின் மேசைக்குத் தள்ளிவிட்டது.

இயந்திரத்தைக் கட்டிய வெளிநாட்டு வல்லுநர்கள் அகராதியைப் பார்த்து அந்தச் சொல்லுக்குச் சுழி, அதாவது பூஜ்யம், போட்டிருந்தார்கள். தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. காலை மிதித்தவனிடமும் அதைத்தான் சொல்கிறோம். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டாலும் அதுதான். காய்ச்சல் எப்படி இருக்கிறது, புதுச் சேலை எப்படி இருக்கிறது, பையன் படிக்கிறானா, எல்லாவற்றுக்கும் அதுவே. இதற்குச் சுழி போட்டவர்கள் ஒரு நாளாவது நம் ஊர் விருந்தில் உட்கார்ந்திருப்பார்களா?

மேலதிகாரி ஜெயசீலி நான்கு நாள் கெடு கொடுத்தாள். அந்தச் சொல்லுக்குக் கூட்டல் போட்டால் ஆளவந்தார் வென்றார், வேலி இருக்கும். கழித்தல் போட்டால் தோற்றார், வேலி போகும், ஏற்றி வரப்பட்டவர்கள் திரும்பலாம். எண்ணை மட்டும் சொல்லிவிடு, மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டே போன தெய்வானைக்கு மூன்றாம் நாள் ஒரு குரல் தெரிந்த குரலாக இருந்தது. பதினான்கு கேள்விக்கும் பதினான்கு முறை பரவாயில்லை. அவள் கணவர் சூசைமிக்கேல்.

முத்துக்கரையில் பிறந்த அவருக்குக் குலுக்கலில் விழுந்த வீடு, மேட்டுக்காரரான அவள் அப்பாவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அப்படி வந்ததுதான் இந்த இருபத்தெட்டு வருடக் கல்யாணம். கல்மேட்டு வாழ்க்கை எப்படி என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடையில் தானும் அடக்கம் என்பது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. பயமாகவும் இருந்தது.

அன்று மாலை கொல்லைப்புறக் குழாயைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே கேட்டாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஏளா, கேக்க வந்தவ பிள்ளத்தாச்சி," என்றார் அவர். "உச்சி வெயில்ல மைக்கத் தூக்கிக்கிட்டு வந்து, எப்படி இருக்கீகன்னு கேக்கா. அவகிட்டப் போயி, எங்கப்பா வள்ளத்த விட்டுட்டு அழுதுக்கிட்டே மேடேறுன கதயச் சொல்லவா? அவ மனசு நோகும்லா. அதான் அப்படிச் சொன்னேன்."

"அப்ப அது ஆளவந்தாருக்குச் சொன்னது இல்லையா?"

"அவர யாரு நெனச்சா?"

அப்படியானால் நான், என்று நாக்கு நுனி வரை வந்ததைத் தெய்வானை விழுங்கிவிட்டாள். அவரும் குழாய்க்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் அவள் எண் எதுவும் போடவில்லை. பதிலாக ஒரு விதி எழுதினாள். இச்சொல் கேட்டவருக்குச் சொன்ன ஆறுதலே தவிர ஆட்சிக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. இதை விடையாக ஏற்கக் கூடாது. உண்மை வரும்வரை மறுபடி கேட்க வேண்டும். ஜெயசீலி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

நிறைகோல் பதினொரு லட்சம் கேள்விகளையும் தொலைபேசியில் மறுபடி கேட்டது. மக்கள் முதலில் எரிந்து விழுந்தார்கள். பிறகு சிலர் அழுதார்கள். பிறகு பேசினார்கள், யாரும் எதிர்பார்க்காத அளவுக்குப் பேசினார்கள். கூலிக்குக் கூட்டல், பள்ளிக்குக் கூட்டல், குலுக்கல் வீட்டுக்குப் பெரிய கூட்டல். கடலுக்கு மட்டும் ஆழமான கழித்தல். மொத்தத்தில் மயிரிழையில் ஆளவந்தார் தோற்றார்.

எண்பத்தெட்டு வயதில் படுக்கையில் இருந்த அந்த மனிதரிடம் தீர்ப்பைப் படித்துக் காட்டினார்கள். "அத்தனை பேரும் மூழ்காம இருந்து திட்டுறாங்கல்ல, அது போதும்," என்றாராம். கணவரைக் கடலிலிருந்து பிரித்தவர் என்று அவர் மேல் தெய்வானைக்கு இருந்த கோபம் பாதி அன்றே போய்விட்டது.

வேலியைப் பிடுங்கினார்கள். மிதவை வீடுகளில் குடியேற உரிமம் கொடுத்தார்கள்; கரையில் பிறந்தவர்களுக்கு மட்டும், முதல் மூன்று ஆண்டுக்கு. துணைவர் மேட்டில் பிறந்தவராக இருந்தால் அவருடைய வாக்குமூலமும் வேண்டும். சூசைமிக்கேலின் பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது.

இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் அலுவலகக் கட்டடம்தான், கீழ்த்தளம். அவர் பளிச்சென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அவ்வளவு தெளிச்சியாக இருந்ததா என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

"உங்கள் கணவர் முத்துக்கரைக்குத் திரும்புவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று நிறைகோல் கேட்டது.

தெய்வானை அவரைப் பார்த்தாள். அவர் மனசு நோகக் கூடாது.

"பரவாயில்லை," என்றாள்.

"இச்சொல்லை விடையாக ஏற்க இயலாது," என்றது இயந்திரம், அவள் எழுதிய அதே வாசகத்தில். "உண்மையைச் சொல்லவும்."

அவளுக்கு முகம் சுட்டது. வேறு எதையாவது சொல்லி மழுப்பப் பார்த்தாள். மூன்று முறை அது திருப்பிக் கேட்டது. நான்காவது முறை அழுகைதான் முதலில் வந்தது.

"போங்கன்னு சொல்ல வாய் வரல," என்றாள், இயந்திரத்திடம் இல்லை, அவரிடம். "போகாதீங்கன்னும் வரல. நீங்க எனக்காக இங்க இருந்தீங்களா, வேலிக்காக இருந்தீங்களான்னு தெரியாமலே இருபத்தெட்டு வருஷம் ஓட்டிட்டேன். கேக்கப் பயந்துக்கிட்டே."

சூசைமிக்கேல் அவள் பக்கம் திரும்பினார்.

"வேலி இருந்த வரைக்கும் இதுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம இருந்துதுலா," என்றார்.

"கணவரின் விடை?" என்று கேட்டது நிறைகோல்.

அவர் வாயைத் திறந்தார். எப்போதும் கைகொடுக்கும் சொல் வழக்கம்போல முதலில் வந்திருக்க வேண்டும். அதை நாடு முழுக்கச் செல்லாததாக்கியது பக்கத்தில் நிற்பவள்தான். வாயை மூடிக்கொண்டார். பிறகு மறுபடி திறந்தார்.

தெய்வானை கை நீட்டி, விசையைத் தட்டி நிறைகோலை நிறுத்தினாள். சொல்லெடையாளர் செய்யக் கூடாத காரியம். வேலை போனாலும் போகும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இயந்திரத்தின் விளக்கு அணைந்த பிறகுதான் அவர் சொல்ல ஆரம்பித்தார்.