கையோட்ட உரிமம்

பெனினா ஸ்டியரிங்கில் உள்ளங்கையைப் பதித்ததும் வண்டி சொல்லத் தொடங்கியது. "உங்கள் கையோட்ட உரிமம் காலாவதியாகிவிட்டது. தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் அதோடு நின்றுவிட்டன. அடிவாரத்து அலுவலகம் வரை செல்ல மட்டும் இன்று அனுமதி."

"தெரியும், கெளம்பு," என்றாள். கணவன் தனபால் செயற்கைக் காலை முதலில் உள்ளே வைத்து, பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தான்.

கீழே சமவெளியில் எல்லாம் ஆளில்லாமல் தானே ஓடும் தன்னோட்ட வண்டிகள். வால்பாறை மலைப்பாதையின் மூடுபனியில் மட்டும் அவற்றுக்கு வழி தெரிவதில்லை. அங்கே இன்னும் மனிதர்தான் ஓட்ட வேண்டும். எஸ்டேட்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தது இவள் வண்டி ஒன்றுதான். அது நின்றதிலிருந்து டயாலிசிஸுக்குப் போக முடியாமல் மரகதம் அக்காவின் முகம் வீங்கிக் கிடந்தது.

பெனினா ஏற்கெனவே இரண்டு முறை உரிமத் தேர்வில் தோற்றிருந்தாள். இன்றும் தோற்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அலுவலகத்தில் கண், காது சோதனைகள் சீக்கிரமே முடிந்தன. மிச்சமிருந்தது, திரையில் சாலையைக் காட்டி ஓட்டச் சொல்லும் ஒத்திகைக் கூண்டு. அதன் வாசலில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"போன தடவையும் திருப்பிட்டீங்க மேடம்," என்றார் ஆய்வாளர் திலகமணி.

"குறுக்க ஒரு புள்ள வருதுங்களே."

"வரும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், வண்டிக்குள்ள நாலு பேரு. பிரேக்கை அழுத்துங்க, ஸ்டியரிங்கை மட்டும் திருப்பாதீங்க. தன்னோட்ட வண்டிக்கு எந்தக் கணக்கோ அதேதான் மனுசங்களுக்கும். ஆளுக்கொரு முடிவு எடுத்தா ரோடு தாங்காது."

"நெசத்துல ஒருதடவை திருப்பினேன் சார். அந்தப் புள்ள இப்ப காலேஜ் போகுது."

திலகமணி திரையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரருக்குக் கால் போச்சு. பதிவுல அது மட்டுந்தான் இருக்கு."

கூண்டின் கதவு மூடியது. திரையில் பனி, வளைவு, குறுக்கே மஞ்சள் கவுனில் ஒரு குழந்தை. பெனினாவின் தோள் தானாக இடப்பக்கம் சாய்ந்தது. மரகதம் அக்காவின் வீங்கிய முகத்தை வலிந்து நினைத்துக்கொண்டாள். பிரேக்கை அடிவரை மிதித்தாள். கைகளை இறுக்கி அசையாமல் பிடித்தாள். மோதும் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. அதைக்கூட விடாமல் சேர்த்திருந்தார்கள். பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே தனபால் எழுந்து நின்றான். "கெடச்சுதா?"

"ம்."

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே அது வாடியது. "அப்ப, திருப்பலையா?"

"இல்ல."

அவன் செயற்கைக் காலை முதலில் உள்ளே வைத்து வண்டியில் ஏறினான். வண்டி அவளுக்கு வாழ்த்துச் சொல்லி உயிர்த்தது.

மலையேறும்போது பனி இறங்கியது. தூரத்தில் சாலையோரமாக, நன்றாக ஒதுங்கியே, ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். தனபால் சட்டென்று முன்பலகையைப் பற்றிக்கொண்டான்.

"மெதுவாப் போ, பெனினா."

கால் போன பிறகு இதே பாதையில் எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். பல நாள் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறான். ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.