எழுபத்தொன்றாவது நிமிடத்துப் புன்னகை

"நில்லுங்க! ஏய்... பச்சை ஜாக்கெட்! உங்களைத்தான்!"

பெர்மெத் தியேட்டர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். ஒரு கையில் குறிப்பு அட்டை, காதில் பேனா, தோளில் பாதி மாட்டிய கோட்டு. பிஷ்கெக்கின் மார்ச் மாத மழை, பாதி நீரும் பாதி பனியுமாக முகத்தில் அடித்தது.

பச்சை ஜாக்கெட் திரும்பினான். மழைக்கு முன் இருளும் மலைச்சரிவு போல அப்படிப்பட்ட கண்கள்... பெர்மெத் ஒரு கணம் சொல்ல வந்ததை மறந்தாள். ஒரே கணம்தான்.

"என்னையா?"

"வேற யாரு? ஆறாம் வரிசை, பன்னிரண்டாம் சீட். எட்டு நாளா மத்தியான ஷோ. எட்டு நாளும் எழுபத்தொன்றாவது நிமிஷத்துல சிரிக்கிறீங்க! திரையில ஜனங்க ஒரு குடம் தண்ணிக்குச் செத்துட்டிருக்காங்க, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"சத்தமாவா சிரிச்சேன்?"

"பல்லு தெரிஞ்சுது. எழுதி வெச்சிருக்கேன்."

"பல்லைக்கூட எழுதுவீங்களா?"

"அதான் என் வேலை!"

உண்மையிலேயே அதுதான் அவள் வேலை. மலைகளில் பனியெல்லாம் தீர்ந்துபோன ஒரு காலம்... யார் குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது என்று ஓர் இயந்திரம் தீர்மானிக்கும் நகரம்... கடைசிவரை ஒரு துளி வெளிச்சம் இல்லாத படம். தயாரிப்பாளர் ஜோல்தோஷ் பாய்கே அதை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் இந்தச் சின்னத் தியேட்டரில் ஓட்டிப் பார்க்கிறார். எல்லோருக்கும் அண்ணன் முறை என்பதால் அவர் பாய்கே. அவர் உத்தரவுப்படி பெர்மெத் முன்வரிசை ஓரத்தில், திரைக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். எந்த நிமிடம், எந்த இருக்கை, என்ன முகம். அவ்வளவுதான்.

"நீ மட்டும் திரும்பாதே" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "படத்தைப் பார்த்தா உன் அழுகை பேனாவுல ஏறிடும்."

கல்லூரிப் பெண்கள் இருவர் அழுதுகொண்டே செல்ஃபி எடுத்தார்கள். ரிட்டயர்டு பௌதிக வாத்தியார் ஒருவர், "நீராவி எங்கேய்யா போகும்? திரும்ப மழையாத்தானே வரணும்!" என்று திரையோடு சண்டை போட்டார். "எங்க பில்டிங்ல ஒரு மாசமா சுடுதண்ணி இல்ல. இதைக் காசு குடுத்து வேற பார்க்கணுமா?" என்று ஓர் அம்மாள் எழுந்து போனாள். எல்லாம் பெர்மெத்தின் அட்டையில் இருந்தது. புரியாமல் நின்றது ஒரே ஒரு முகம்தான்.

"சரி..." பச்சை ஜாக்கெட் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டான். "அந்த நிமிஷத்துல திரையில என்ன வருது, நீங்க பார்த்திருக்கீங்களா?"

பெர்மெத் அட்டையைப் பிரித்தாள். மூடினாள்.

"அதானே! முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க, முகத்தைக் காட்டுறவனை மிரட்டுறாங்க..."

போய்விட்டான். திமிர் பிடித்தவன்! நனைந்த கோட்டோடு அவள் நின்றாள். கன்னம் மட்டும் ஏன் சுடுகிறது?

நாலாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு கோப்பை, ஒரு தட்டு. மலையூரான நரினிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து மூன்று வருடம். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் படிக்கிறாள். அவள் எந்த நிமிடம் சிரித்தாள், எந்த நிமிடம் உடைந்தாள் என்று குறித்து வைக்க ஓர் ஆள் இல்லை. மழை ஜன்னலில் வழிந்தது. பெர்மெத் அட்டையைப் புரட்டினாள். ஆறு-பன்னிரண்டு, ஆறு-பன்னிரண்டு... எட்டு நாளாக, விளக்கு அணைந்ததும் தன் கண் முதலில் போவது அங்கேதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் படத்துக்கு அரை மணி முன்பே தியேட்டர் டீக்கடையில் அவன் நின்றிருந்தான். கையில் கறி வைத்துச் சுட்ட இரண்டு சம்சா.

"சமாதானக் கொடி. வெள்ளைத் துணி கிடைக்கல, இதுதான் கிடைச்சுது."

"லஞ்சமா?"

"பல்லை எழுதாம விட்டீங்கன்னா லஞ்சம். எழுதினீங்கன்னா விருந்து."

பெர்மெத் சிரித்துவிட்டாள். பெயர் தெமிர்லான். மாஸ்கோவில் சுவர்ப் பூச்சு வேலை, ஆறு வருடம். லீவில் வந்திருக்கிறான்.

"திரும்ப எப்போ?"

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி." கோப்பைக்குள் பார்த்துச் சொன்னான். "இங்க இருன்னு சொல்ல யாருமில்ல..."

இன்னும் ஒன்பது நாள். சம்சாவின் சூடு விரலைச் சுட்டும் அவள் அதை விடவில்லை. பேச்சை மாற்ற வேண்டும்... எதையாவது சொல்ல வேண்டும்...

"உங்களால ஒரு நல்லது நடந்திருக்கு, தெரியுமா? உங்க சிரிப்பைப் பத்தி நான் எழுதினதைப் பார்த்துட்டு ஜோல்தோஷ் பாய்கே முடிவு பண்ணிட்டாரு. அந்தத் தண்ணி வரிசைக் காட்சி எடுபடலையாம். இன்னைக்கு ஷோ முடிஞ்சதும் வெட்டிடுவாங்க."

தெமிர்லானின் முகம் வெளிறியது.

"வெட்டுறது... நீங்க எழுதினதாலயா?"

"ஆமா. ஏன்?"

கடித்த சம்சாவை மெல்லத் தட்டில் வைத்தான். "ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கீங்க."

"தெமிர்லான்! ஏன் சிரிக்கிறீங்கன்னு சொல்லிடுங்களேன். மாத்தி எழுதுறேன்."

"சொன்னா பாவம்னு பார்ப்பீங்க. மாஸ்கோவுல ஆறு வருஷம் அந்தப் பார்வையைப் பார்த்தாச்சு. உங்ககிட்டயும் வேணாம்."

"வேணாம்னா போங்க! நானா கூப்பிட்டேன்?"

போனான். அப்படிச் சொன்ன உதட்டை அவளே நறுக்கென்று கடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. முப்பது பேர், முப்பது முகம். இன்று அவளுக்கு ஒரே முகம்தான். அறுபதாவது நிமிடம்... அறுபத்தைந்து... நாற்காலியின் கையை அவன் இறுகப் பிடித்திருந்தான். எழுபது. கண்ணை இமைக்கவே இல்லை. கடைசித் தடவை பார்ப்பவன் பார்க்கிற பார்வை.

பெர்மெத் திரும்பினாள்.

முதல் தடவையாகத் திரை. சாம்பல் வானம். வற்றிய ஆற்றங்கரையில் முடிவில்லாத வரிசை. உள்ளுக்குள் ஏற்கெனவே இறந்துவிட்ட முகங்கள், எல்லாம் ஒரே திசையில். சிரிக்க இங்கே என்ன இருக்கிறது? என்ன...

அப்போது வரிசை நடுவில் ஒரு பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீலத் தலைத்துணி. நடிக்கத் தெரியாத, கிராமத்திலிருந்து கூட்டத்துக்காகக் கூட்டி வந்த முகம். சட்டென்று தலையைத் திருப்பினாள். நேராகக் கேமராவுக்குள் பார்த்தாள். இரண்டு தங்கப் பல் தெரியச் சிரித்தாள். நாலே செகண்ட்... கேமரா நகர்ந்துவிட்டது.

இந்த நகரத்துக்கு வந்த மூன்று வருடத்தில் யாரும் பெர்மெத்தை இப்படிப் பார்த்ததில்லை. 'நீதானா? வந்துட்டியா?' என்று கேட்கிற பார்வை... அட்டையில் எழுதினாள்: நிமிடம் 71. முன்வரிசை ஓரம். அழுகிறாள்.

படம் முடிந்ததும் பின்வரிசைக்கு ஓடினாள். ஜோல்தோஷ் பாய்கே மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பினியா? உன்னை வேலையை விட்டே தூக்கணும்!"

"தூக்குங்க, பாய்கே. ஆனா அந்தக் காட்சியைத் தூக்காதீங்க."

"அது தப்பு ஷாட்டும்மா! அந்தப் பொம்பளை கேமராவைப் பார்த்துடுச்சு. பாக்காதேன்னு நூறு தரம் சொன்னோம். போதாததுக்கு ஆறு-பன்னிரண்டு சிரிக்கிறான்னு நீயே எழுதியிருக்கே."

"நான் எழுதினதுதான் தப்பு. ரெண்டு மணி நேரப் படத்துல நம்மளைத் திரும்பிப் பார்க்கிற ஒரே ஆள் அவங்கதான். அவங்களையும் வெட்டிட்டா, இந்த இருட்டுல நாம தனியா உக்காந்திருப்போம், பாய்கே."

அட்டையை வாங்கினார். அவள் கடைசியாக எழுதிய வரியைப் படித்தார்.

"நாலு செகண்டுதானே... இருந்துட்டுப் போகட்டும். ஒழி!"

அரங்கம் காலி. துடைப்பக்காரி வாளியோடு வந்துவிட்டாள். ஆறாம் வரிசையில் தெமிர்லான் மட்டும் எழாமல் இருந்தான். பெர்மெத் போய்ப் பதினோராம் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை, வெறும் திரையைப் பார்த்தாள்.

"வெட்டல. பேசிட்டேன்."

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியை அவன் விட்டான்.

"எட்டு நாளா சொல்லாம இருந்தீங்களே... பாவம்னு பார்க்க மாட்டேன். கோபமாத்தான் இருக்கேன்."

"இந்தப் படத்துல எனக்குன்னு இருக்கிறது நாலு செகண்ட்," என்றான் மெல்ல. "மீதி நேரம் முழுக்க நான் திரையைப் பார்க்கவே இல்ல, பெர்மெத். நீங்க எழுதும்போது உதட்டைக் கடிப்பீங்க... யாராவது அழுதா உங்க கண்ணும் கலங்கும், அதை மட்டும் எழுத மாட்டீங்க. அதைப் பார்த்துட்டிருந்தேன்."

குறித்து வைத்திருக்கிறான்... அவளை ஒருவன் குறித்து வைத்திருக்கிறான்! அவள் கை அவன் கையைத் தேடிப் பிடித்தது.

"ஏப்ரல் ஒண்ணு போகாதீங்க. இங்க இருன்னு நான் சொல்றேன்."

அவன் விரல்கள் இறுகின.

"அந்த நாலு செகண்ட்... அவங்க யாரு?"

"முந்தின வருஷம் இலையுதிர்காலத்துல எங்க ஆத்தங்கரையிலதான் ஷூட்டிங். குளிர்காலத்துல போன் வந்துச்சு. உடம்பு முடியல, வான்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நம்ம ஆளுங்க சாவுச் செய்தியை போன்ல சொல்ல மாட்டாங்களே... விமானம் பனியில ரெண்டு நாள் நின்னுடுச்சு. தெரு முனை திரும்பினேன். எங்க வாசல்ல ஆம்பளைங்க வரிசையா, கம்பை ஊன்றிக் குனிஞ்சு, ஓலமிட்டுக்கிட்டு..."

பெர்மெத் கண்ணை மூடினாள். சாவு வீட்டு வாசலில் மட்டுமே அப்படி நிற்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"அடக்கம் முடிஞ்சிருந்துச்சு. முகம் பார்க்கல." வெறும் திரையை நிமிர்ந்து பார்த்தான். "கடைசியா பேசினது ஷூட்டிங் அன்னைக்கு ராத்திரி போன்ல. ஒரே சிரிப்பு. 'கேமராவைப் பார்க்கவே கூடாதுன்னு திட்டுறாங்கடா... பார்க்காம எப்படி? மாஸ்கோவுல இந்தப் படம் ஓடுமில்ல? அங்க என் பிள்ளை உக்காந்திருப்பானே, அவனை நான் பார்க்க வேணாமா? பார்த்துட்டேன்டா!'ன்னாங்க அம்மா."